மொட்டை மாடிக்கு வெள்ளை: குறைவது எது, எங்கே, யாருக்கு?

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பெயிண்ட் கடைகளில் ஒரு விசாரிப்பு ஆரம்பித்துவிடுகிறது: "மேல்தளத்துக்கு அடிக்கிற கூலிங் பெயிண்ட் இருக்கா?" கடைக்காரர் எடுத்துக் காட்டும் வாளியின் மேல் ஏதோ ஒரு டிகிரிக் கணக்கு பெரிதாக அச்சாகியிருக்கும். அந்த டிகிரி எங்கே அளந்தது என்பது மட்டும் இருக்காது. மாடித் தளத்தின் மேல்பரப்பிலா, அறைக்குள் அண்ணாந்து பார்த்தால் தெரியும் அடிப்பரப்பிலா, அறையின் காற்றிலா? இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் இருபது டிகிரி குறையும்போது மூன்றாவதில் இரண்டு குறையலாம், ஒன்றுகூடக் குறையாமலும் போகலாம். குளிர்கூரைப் பூச்சைப் பற்றிய புகழ்ச்சியும் ஏமாற்றமும் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்த்துவிடலாம். நம்மேல் விழும் சூரிய ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் சற்றுக் குறைவு. சுமார் ஐந்து சதவீதம் புற ஊதா. மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெள்ளையாகத் தெரிகிற எல்லாப் பூச்சும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியையும் அதே அளவு திருப்பி அனுப்பும் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சுவருக்கு வாங்கிய மீதிப் பெயிண்ட்டை மாடியில் அடித்துவிட்டு "பலனே இல்லை" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூரைப் பூச்சு என்று விற்பதில் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நிறமிகளும், வெயிலில் விரிந்து சுருங்கினாலும் விரிசல் விடாத அக்ரிலிக் பிணைப்பும் இருக்கும்.

இரண்டு குணங்கள் முக்கியம். விழுந்த வெயிலில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது எதிரொளிப்பு. உள்வாங்கிய சூட்டை எவ்வளவு சுலபமாக வானத்தை நோக்கி வெளியேற்றுகிறது என்பது உமிழ்வு. இரண்டையும் சேர்த்து எஸ்.ஆர்.ஐ. என்ற ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அளவுகோலாக வைத்த கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. உமிழ்வு ஏன் வேண்டும் என்பதற்குப் புதுத் தகரமே சாட்சி. பளபளக்கும் துத்தநாகத் தகடு வெயிலை நன்றாகவே திருப்பி அனுப்புகிறது. ஆனால் உள்ளே போன கொஞ்சச் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணைக் கூசவைக்கும் புதுத் தகரத்தின்மேல் உச்சி வெயிலில் கை வைக்க முடிவதில்லை.

நம் ஊர்க் கோடையில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 900 முதல் 1,000 வாட் வரை கொட்டும். பழைய காங்கிரீட் தளம் அதில் முப்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளை எழுபத்தைந்து சதவீதத்தைத் திருப்பும். 950 வாட் வெயிலில் முன்னது 665 வாட்டை விழுங்குகிறது, பின்னது 238 வாட்டை. பத்துக்குப் பத்து அறையின் மேல் தளத்துக்கு மட்டும் கணக்கிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 4 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பமே மூன்றரை கிலோவாட்தான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் தளம் விழுங்கியதில் பெரும்பகுதியைக் காற்று வாரிக்கொண்டு போகிறது, கொஞ்சம் வானத்துக்குப் போகிறது, சிறுபங்குதான் அறைக்குள் இறங்குகிறது. ஆறில் ஒரு பங்கு இறங்குகிறது என்று கொண்டாலும் அறுநூறு வாட்டுக்கு மேல் வருகிறது. மத்தியானம் முழுக்க அறைக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டி எரிவதற்கு ஒப்பான இந்தச் சூட்டைத் தடுப்பதுதான் பூச்சின் வேலை.

பூசாத தளத்தின் மேல்பரப்பு கோடையில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வெள்ளை பூசியது அதே நேரத்தில் 40, 45-ல் நிற்கும். வாளியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் இந்தப் பரப்பிலிருந்து வருவது. அது பொய்யில்லை, ஆனால் அந்தப் பரப்பில் யாரும் பாய் போட்டுப் படுக்கப்போவதில்லை, பகலிலாவது.

அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது கூரையின் உடம்பைப் பொறுத்தது. நாலைந்து அங்குல ஆர்.சி.சி. தளம் வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. மேலே மதியம் ஒரு மணிக்கு உச்சம் என்றால் அடிப்பரப்பில் அந்த உச்சம் மூன்று, நான்கு மணி நேரம் கழித்து வரும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட வெதரிங் கோர்ஸும், அதற்கும் மேல் தட்டோடும் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மேல்மாடி வீட்டுக்காரர்கள் "ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் காத்தைத்தான் இறக்குது" என்று சொல்வது இதனால்தான். காற்றைவிடக் கூரைதான் அங்கே எதிரி. சூடேறிய தளம் கட்டிலில் கிடப்பவரின்மேல் கதிர்வீச்சாக வெப்பத்தைப் பொழிகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி இதைச் சரியாகக் காட்டாது; காற்றின் வெப்பம் ஒன்றரை டிகிரிதான் குறைந்திருக்கும், ஆனால் அடிப்பரப்பு நன்றாகக் குளிர்ந்திருப்பதால் உடம்புக்கு அதைவிட அதிகமாகக் குறைந்ததுபோல் இருக்கும். எனவே வெப்பமானியை மட்டும் நம்பிப் பூச்சை மதிப்பிட்டால் அதற்குரிய பெருமையைக் குறைத்துவிடுவோம். வாளியின் எண்ணை நம்பினால் கூட்டிவிடுவோம்.

கல்நார் ஷீட், தகரம் இவற்றின் கதை வேறு. இவற்றில் சூட்டைத் தாமதிக்க உடம்பே இல்லை. வெயில் பட்ட சில நிமிடங்களில் அடிப்பரப்பும் கொதிக்கிறது. பூச்சின் பலன் இங்கேதான் அதிகம், உடனடியும்கூட. ஹைதராபாதின் தேவரகொண்டா பஸ்தியில் 2017-ல் எளிய வீடுகளின் கூரைகளில் வெள்ளை விரிப்புப் போட்டுப் பார்த்த சோதனையில், பக்கத்து வீடுகளைவிட உள்வெப்பம் சராசரியாக 2 டிகிரி அளவுக்குக் குறைந்தது. இரண்டு டிகிரிதானா என்று தோன்றும். ஏ.சி.யை 26-ல் வைப்பதா 24-ல் வைப்பதா என்று வீட்டில் நடக்கும் சண்டையை நினைத்துப் பார்த்தால் இரண்டு டிகிரியின் எடை புரியும். ஏ.சி. இல்லாத வீட்டில், 38-க்கும் 36-க்கும் நடுவில் அது மேலும் கனக்கும். உடம்பின் வெப்பமே 37 அல்லவா?

ஏ.சி. உள்ள கட்டடங்களுக்கு நல்ல அளவீடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஹைதராபாத் கட்டடங்களில் அளந்து 2012-ல் வெளியிட்டவை இந்த முடிவுகள். கறுப்புக் கூரையை வெள்ளையாக்கியபோது ஆண்டுக்குக் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 20 முதல் 22 யூனிட் மின்சாரம் மிச்சமானது; குளிரூட்டும் செலவில் 14 முதல் 26 சதவீதம். பூசாத காங்கிரீட்டை வெள்ளையாக்கியபோது 13, 14 யூனிட்; 10 முதல் 19 சதவீதம். நம் வீடுகளுக்குப் பொருந்துவது இரண்டாவது வரிசை. விளம்பரங்களில் "மின்கட்டணம் பாதியாகும்" என்று பார்த்தால் இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது. இவையும் கூரைக்கு நேர் கீழே இருக்கும் தளத்துக்குத்தான். ஐந்து மாடி அடுக்ககத்தில் மாடிக்கு வெள்ளை அடித்தால் இரண்டாம் மாடிக்காரருக்கு ஒரு பைசா மிச்சமாகாது. பராமரிப்புக் கூட்டத்தில் பணம் கேட்கும்போது அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஏற்கெனவே நல்ல வெப்பத்தடுப்பு உள்ள கூரைக்கும் பூச்சால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவுதான். இந்தியாவின் குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் காங்கிரீட் தளம் அதைப்போல் மூன்று மடங்கு. வெப்பத்தடுப்புப் பலகை பகலில் வரும் சூட்டைத் தடுக்கும், ஆனால் உள்ளே சேர்ந்துவிட்ட சூடு ராத்திரி மேலே போவதையும் தடுக்கும். வெள்ளைப் பூச்சுக்கு அந்த இரண்டாவது குறை இல்லை. பகலில் வாங்காது, இரவில் வழிமறிக்காது. ஏ.சி. இல்லாமல் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் வீட்டுக்கு, இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் நான் பூச்சைத்தான் சொல்வேன்.

பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸையும் இங்கே சொல்ல வேண்டும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை இட்டு, மேலே தட்டோடு பதித்த அந்தக் கனத்த கூரை வெப்பத்தைத் தாமதப்படுத்துவதில் கெட்டிக்காரன். உயரமான அறையும் முற்றமும் சேர்ந்து மிச்ச வேலையைச் செய்தன. இன்றைய பத்தடி உயர அறையும் மெல்லிய தளமும் அதைச் செய்ய வழியில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் பூச்சு வந்திருக்கிறது, கூடவே மாடிக்கென்று விற்கும் வெள்ளைக் கூலிங் டைல்ஸும். டைல்ஸ் நீண்ட நாள் உழைக்கும், தேய்த்துக் கழுவலாம். ஆனால் செலவும் எடையும் அதிகம். இடுக்குகளில் நீர் இறங்கினால் தேடிப் பிடிப்பது பாடு. சுண்ணாம்பு எல்லாவற்றிலும் மலிவு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் எதிரொளிப்பு விலை உயர்ந்த பெயிண்ட்டுக்குச் சளைத்ததில்லை. ஃபெவிகால் கலந்து அடித்தால் கொஞ்சம் ஒட்டும். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேல் தாங்காது என்பதுதான் அதன் குறை. வருடா வருடம் பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த ஊருக்கு, கோடைக்கு முன் மாடிக்கும் அடிப்பது பெரிய பாரமாக இருக்க வேண்டியதில்லை.

அடிக்கிற வேலையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தால், பூச்சு ஏன் சில வீடுகளில் உரிந்து போகிறது என்பது விளங்கும். நல்ல பெயிண்டர் காலை ஆறு மணிக்கு ஏறிவிடுவார். முந்தின நாளே தளத்தை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, பாசியையும் பழைய சிமென்ட் பொருக்குகளையும் எடுத்து, கழுவிக் காயவிட்டிருப்பார். விரிசல்களை அடைத்துப் பட்டி வைப்பார். பிரைமரைத் தண்ணீர் கலந்து ஓட்டமாக ஒரு கை. அது காய்ந்ததும் முதல் கோட்டைக் கிழக்கு மேற்காக, இரண்டாவதைத் தெற்கு வடக்காக ரோலரில் இழுப்பார். குறுக்கும் நெடுக்குமாக அடித்தால்தான் ஊசித்துளை விடாது. பத்து மணிக்குள் ஏறக்கட்டிவிடுவார். அதற்குமேல் தளம் சூடாகி, பெயிண்ட் பிடிக்கும் முன்பே காய்ந்து பொடியாகும். இரண்டாவது கோட்டின்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அங்கே நிற்க முடியாது. அவசரத்துக்கு வருபவர் கழுவுவதை விட்டுவிடுவார், ஒரு வாளியை மூன்று வாளியாக்குவார், மத்தியானம் இரண்டு மணிக்கு முடித்துவிட்டுக் காசு கேட்பார். அடுத்த மழையில் அது தோல் தோலாக எழும்பும். பழி கம்பெனிக்குப் போகும்.

கல்நார் ஷீட்டில் இந்தத் தேய்ப்பு வேலையே ஆபத்து. பழைய ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் கல்நார் இழைகள் காற்றில் கலக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்பு பிரஷ் கூடாது, உப்புத்தாள் கூடாது. ஷீட்டின்மேல் ஆள் ஏறினால் உடைந்து விழும் என்பது தனி அபாயம். பூச்சின் பலன் எங்கே அதிகமோ அங்கேயே வேலையும் ஆபத்தானது என்பது இந்தத் துறையில் யாரும் உரக்கப் பேசாத விஷயம்.

பூசிய வெள்ளை வெள்ளையாகவே இருக்காது. முதல் சில மாதங்களில்தான் வீழ்ச்சி அதிகம். சாலைப் புழுதி, டீசல் புகை, கரி, காக்கை எச்சம், தண்ணீர் தேங்கும் மூலையில் பாசி எல்லாமாகச் சேர்ந்து, எண்பதில் இருந்த எதிரொளிப்பை அறுபதுக்கும் கீழே இறக்கிவிடும். கலிபோர்னியா 2005-ல் தாழ்சரிவுக் கூரை கொண்ட வணிகக் கட்டடங்களுக்குக் குளிர்கூரையை விதியில் சேர்த்தது. புதுப் பூச்சின் எண்ணை விட்டு மூன்று ஆண்டுகள் வெயிலில் கிடந்தபின் அளந்த எண்ணைப் பார்க்கும் வழக்கம் அங்கே பிறகு வேரூன்றியது. நம் நாட்டில் 2007-ல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு கேட்டது பூசிய புதிதில் இருக்க வேண்டிய எதிரொளிப்பை: குறைந்தது 0.70. புதுமணப் பெண்ணின் அலங்காரத்தை வைத்துக் குடித்தனத்தை அளக்கிற கதை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, மூன்று வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்பதுதான்.

கழுவினால் பெரும்பகுதி மீளும். ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும், அதுவும் ஏப்ரலில். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். மாடியில் விழும் நீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. பாசி பிடிக்காமலிருக்கச் சில பூச்சுகளில் கலக்கும் மருந்தும், சுண்ணாம்பின் காரமும் முதல் மழைகளில் கரைந்து அந்த நீரோடு இறங்கும். குடிக்கவோ சமைக்கவோ அந்த நீரை எடுப்பவர்கள், பூச்சடித்தபின் வரும் முதல் இரண்டு மூன்று மழையை வெளியே திருப்பிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தளம் உலர்ந்த தை, மாசிதான் பூச்சுக்கு ஏற்ற காலம். கத்திரி தொடங்கிய பிறகு ஆள் தேடுவது வீண்.

ஆய்வகங்கள் வேறொரு உயரத்துக்குப் போய்விட்டன. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபானும் குழுவினரும் நேர் வெயிலில் வைத்தும் சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்து நிற்கும் ஒரு தகட்டைச் செய்து காட்டினார்கள். 2021-ல் பர்டூ பல்கலைக்கழகம் பேரியம் சல்ஃபேட்டை வைத்து, வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட்டை அறிவித்தது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் காற்று மண்டலம் திறந்துவைத்திருக்கும் ஒரு ஜன்னல் வழியே வெப்பத்தை விண்வெளிக்கே அனுப்புவதுதான் இவற்றின் சூட்சுமம். ஆனால் அந்த ஜன்னலை நீராவி மூடும். வறண்ட வானத்தில் கிடைக்கும் பலன் சென்னையின், நாகையின், தூத்துக்குடியின் புழுக்கமான வானத்தில் அப்படியே கிடைக்காது. கரூரும் வேலூரும் இந்த வகையில் கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்தவை. கடலோரத்தில் பூச்சு வெயிலைத் தடுக்கும். புழுக்கத்தை அது தொடவும் முடியாது.

ஊர் முழுக்க வெள்ளையானால் ஊரே குளிருமா? ஸ்பெயினின் அல்மேரியாவில் யாரும் திட்டமிடாமலே இது நடந்தது. அங்கே கடலோரச் சமவெளியை மூடிக் கிடக்கும் பசுமைக்குடில்களின்மேல் கோடையில் வெள்ளைச் சுண்ணம் தெளிப்பார்கள். 1983 முதல் 2006 வரையான அளவீடுகளில், சுற்றுப்புறப் பகுதி சூடேறிக்கொண்டிருக்க, அந்தப் பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குளிர்ந்திருந்தது. ஹாஷிம் அக்பரி, சுரபி மேனன், ஆர்தர் ரோசன்ஃபெல்ட் மூவரும் 2009-ல் இதை உலகக் கணக்காக விரித்தார்கள்: உலக நகரங்களின் கூரைகளையும் சாலைகளையும் வெளுப்பாக்கினால் 44 பில்லியன் டன் கரியமில வாயுவுக்கு ஈடாகும் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஜேக்கப்சன் மறுத்தார். திருப்பி அனுப்பிய ஒளியைக் காற்றிலுள்ள கரித்துகள் வாங்கிச் சூடாகும், மேகங்களும் குறையக்கூடும், மொத்தத்தில் உலகம் சூடாகவும் செய்யலாம் என்பது அவர் கணினி மாதிரியின் முடிவு. அந்தச் சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீராவிட்டாலும், மேல்மாடியில் வேகிற ஒருவருக்கு அது தடையாக வேண்டியதில்லை. உலகைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பெயிண்ட் விற்பதுதான் மிகை.

பக்கத்து வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. தாழ்ந்த மாடியின் வெள்ளை, அருகிலுள்ள உயர்ந்த கட்டடத்தின் ஜன்னலுக்குள் வெயிலை அடிக்கும். நம் அடுக்குமாடித் தெருக்களில் இந்தச் சண்டை வரத்தான் போகிறது.

அரசுகள் பக்கம் வருவோம். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாதில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017-ல் சுமார் 3,000 எளிய வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் முயற்சி அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. ஐந்தாண்டில் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்பது இலக்கு. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம்; குடியிருப்புகளில் 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குக் கட்டாயம், சிறிய தனி வீடுகளுக்கு விருப்பம். நிர்வாகத்துக்கு இது வசதி, ஏனென்றால் கட்டட அனுமதி கேட்டு வருபவரைத்தான் பிடிக்க முடியும். வெப்பத்தின் கணக்கோ தலைகீழாக ஓடுகிறது. 600 கெஜ வீட்டில் மரமும் ஏ.சி.யும் இருக்கும். அனுமதியே கேட்காமல் எழுந்த ஷீட் வீட்டில் இரண்டும் இருக்காது.

தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அரசுப் பள்ளிகளில் குளிர்கூரை அமைக்கும் திட்டமும் வந்திருக்கிறது. பள்ளி நல்ல தேர்வு. கூரைக்குச் சொந்தக்காரர் ஒருவரே, தளம் பெரியது, பயன்படுத்தும் நேரம் பகல். மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களின் பிற்பகல் வகுப்பில் பலனைச் சட்டென்று பார்க்கலாம். ஆனால் மே மாதம் முழுக்கப் பள்ளி பூட்டிக் கிடக்கும், ராத்திரியும் ஆள் இல்லை. அந்தக் குழந்தைகள் மே மாத ராத்திரிகளைக் கழிக்கும் வீடுகளின் கூரைகளுக்கு என்ன வழி?

அங்கேதான் முடிச்சு இறுகுகிறது. மேல்மாடியில் வேகுபவர் பெரும்பாலும் வாடகைதாரர். கூரை வீட்டுக்காரருடையது. பூச்சுக்குச் செலவழிப்பவர் ஒருவர், தூக்கம் கிடைப்பவர் இன்னொருவர். இரண்டு கோடைக்குள் காலி செய்யப்போகும் குடித்தனக்காரர் தன் கைக்காசில் இன்னொருவரின் மாடியைப் பூச மாட்டார். வீட்டுக்காரருக்கோ, மேல்மாடிக்கு வாடகை கொஞ்சம் குறைவு என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. புறம்போக்கில் உள்ள ஷீட் வீடுகளுக்கு வந்தால், பட்டா இல்லாத கூரைக்கு அரசுப் பணத்தில் பெயிண்ட் அடிப்பது அந்தக் குடியிருப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அதிகாரிகள் தயங்குவார்கள். தெருவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இதே தயக்கம் ஒரு காலத்தில் இருந்தது; அவை வந்து சேர்ந்தன. கூரைப் பூச்சையும் அந்த வரிசையில் வைத்து, நகராட்சி வருடம் ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் செய்து முடிக்கிற வேலையாக நடத்தலாம். கொசு மருந்து அடிக்க ஆளும் அட்டவணையும் வைத்திருக்கும் நகராட்சிக்கு, வார்டு வாரியாக ஷீட் கூரைகளை எண்ணி, தை மாதத்தில் பயிற்சி பெற்ற ஆளை அனுப்புவது கைமீறிய காரியமாக இருக்காது.